ஒரு பிடி கத்திரிப்பூ நூல்

அந்த நூலை நான் அடுப்பில் போட்டிருக்கணும். விறகு எரிந்துகொண்டுதான் இருந்தது, உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு பிடி நூல், ஒரு நொடி வேலை. ஆனால் பட்டு நூலை நெருப்பில் போடாதே என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கை இது. தரையில் கிடக்கிற ஒரு சாண் இழையைக்கூடப் பொறுக்கி முந்தானையில் முடிந்து வைக்கிற கை. நெய்கிறவர் வீட்டில் பிறந்தால் அந்தப் புத்தி சுடுகாடு வரைக்கும் விடாது. அந்தப் புத்தியால் கூடப் பிறந்தவனையும் கட்டினவரையும் ஒரே நாளில் வாரிக் கொடுக்கப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் என் கையில் நானே ரெண்டு போடலாம் என்று இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயசு, முழுகாமல் ஐந்து மாசம். காஞ்சிபுரத்தில் பிறந்தது கீழத்தெரு, வாக்கப்பட்டது மேலத்தெரு. ரெண்டும் சேருகிற முக்கில் ஒரு பிள்ளையார் கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அவ்வளவுதான் தூரம். "உங்கம்மா வூட்டு ரசம் கொதிச்சா இங்க தும்மல் வருது" என்று என் மாமியார் கிண்டல் செய்வார். ரெண்டு தெருவிலும் தறி, ரெண்டு தெருவிலும் ஒரே ஜனம், வீட்டுக்கு வீடு சம்பந்தம். இவர்கள்தான் வெட்டிக்கொள்ளக் கிளம்பினார்கள்.

எதற்கு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆடி மாசம் அம்மன் பல்லக்குப் புறப்பாடு. முக்கு வரைக்கும் கீழத்தெரு ஆம்பளைகள் தூக்குவார்கள், முக்கில் தோள் மாற்றி மேலத்தெருக்காரர்கள் தூக்குவார்கள். அந்த வருஷம் மாற்றும்போது முன்தண்டில் யார், பின்தண்டில் யார் என்று பேச்சு முற்றிவிட்டது. அம்மன் நடுத்தெருவில் ஆடிக்கொண்டு நிற்கிறாள், இவர்கள் ஆளுக்கொரு பக்கம் தண்டைப் பிடித்து இழுக்கிறார்கள். என் தம்பிக்கு அப்போது இருபது வயசு, மூக்குக்கு மேல் கோபம். பல்லக்கை இறக்காமல் முட்டுக் கொடுத்து நிறுத்த ஒரு கோல் இருக்குமே, அதை எடுத்து வீசினான். விழுந்தது என் கொழுந்தனின் வலது மணிக்கட்டில். என் வீட்டுக்காரருக்கு இருக்கிற ஒரே தம்பி அவன். எலும்பு ரெண்டு இடத்தில் போய்விட்டது. தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவைத் தள்ளுகிற கை.

கொழுந்தனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் பரண் மேலிருந்து வீச்சரிவாளை இறக்கினார். அவர் தாத்தா காலத்து அரிவாள், துரு ஏறிக் கிடந்தது. அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் விட்டுத் தீட்டினார். கோபம் வந்தால் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனுஷன். ஒரு எறும்பை நசுக்கி நான் பார்த்ததில்லை. அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், "கைக்குக் கை எடுக்காம வுட மாட்டேன். உன் தம்பின்னு பாக்க மாட்டேன்."

நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. 

மறுநாள் முக்கில் ஒரு உடைந்த வண்டியையும் ரெண்டு பெஞ்சையும் குறுக்கே போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லார் கையிலும் ஏதோ ஒன்று. அரிவாள், ஈட்டி மாதிரி சுளுக்கி, சோடா பாட்டில். போலீஸ் வண்டி ஒன்று வந்து நின்றது, பெஞ்சை எடுத்துப் போடச் சொன்னது, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அது போனதும் பெஞ்சு திரும்ப வந்தது. எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது தறிச் சத்தம் நின்று போனதுதான். விடிந்ததிலிருந்து டக் டக் என்று ஓடுகிற தெரு அது. சாவு வீட்டைத் தவிர எங்கேயும் தறி நின்று நான் கேட்டதில்லை.

குழாய்க்கு மட்டும் பொம்பளைகளை விட்டார்கள். தண்ணீர் பிடிக்கலாம், பேசக் கூடாது. நாங்கள் கேட்கிற ஜாதியா! குடத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு பேசினோம். அம்மா என் பக்கம் திரும்பாமலே, "உன் வூட்டுக்காரரு சாப்பிடறாரா?" என்று கேட்பாள். நான் குழாயைப் பார்த்துக்கொண்டு, "தம்பிய எங்கயாவது அனுப்பிடும்மா" என்பேன். "போ மாட்டேங்கறான். ஓடிப் பூட்டான்னு சொல்வாங்களாம். தறிக்கு அடியில அரிவாளை வச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கறான்." அதற்குள் வண்டிக்குப் பின்னாலிருந்து எவனாவது "இன்னா அங்க பேச்சு?" என்று கத்துவான். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் திரும்பும்போது அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. பெற்றவளின் கண்ணைப் பார்க்க ஒரு மகள் பயப்பட வேண்டியிருந்தது என்றால் அந்த ஊரை என்ன சொல்ல.

அஞ்சாம் நாள் மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கீழத்தெருவிலிருந்து ஒரு அலறல் கேட்டது. அது என் அம்மாவின் குரல். நூறு குரலில் கேட்டாலும் எனக்குத் தெரியும். கஞ்சி என் கால் மேல் கொட்டியது, சுட்டது தெரியவில்லை. தம்பி போய்விட்டான் என்று நினைத்தேன். வாசலுக்கு ஓடினேன். எங்கள் தெருப் பொம்பளைகள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள். குழாயடியிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். "ஆளுக்கு ஒண்ணும் இல்லடி. உங்கம்மா வூட்டுத் தறியில இருந்த பாவு நூல எவனோ அறுத்துட்டான்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம். தம்பி உயிரோடு இருக்கிறான். அப்புறம்தான் சொன்னது புரிந்தது. தறியில் நீளவாக்கில் ஏற்றின பாவு நூலை அறுக்கிறதென்பது எங்கள் ஜனத்தில் நடக்காத காரியம். மண்டையை உடைப்பார்கள், கூரையில் கல் எறிவார்கள், தறியைத் தொட மாட்டார்கள். பங்காளிச் சண்டையில்கூட அந்த வீட்டுத் தறிக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார்கள். அதை அறுத்துவிட்டான் என்றால் இனிமேல் எதுவும் நடக்கலாம் என்று அர்த்தம்.

சுட்ட காலுக்குத் தண்ணீர் ஊற்றக் கொல்லைப் பக்கம் போனேன். என் வீட்டுக்காரர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எப்போது வெளியே போனார், எப்போது வந்தார், தெரியாது. சட்டை துவைக்கிற கல் மேல் கிடந்தது. "துவைச்சுடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எடுத்தேன். பொத்தான் சந்திலும் கைமடிப்பிலும் நூல் சிக்கியிருந்தது. கஞ்சி போட்டு விறைத்த பாவு நூல். கத்திரிப்பூ நிறம்.

எங்கள் வீட்டுத் தறியில் அப்போது மாம்பழ மஞ்சள். கத்திரிப்பூ என் அம்மா வீட்டுத் தறியில்தான். ஆடி பிறக்கிறதுக்கு முன்னால் அந்தப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டபோது நான்தான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிறத்தை நான் எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்வேன்.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன், என்ன கேட்பேன்? கேட்டால் ஆமாம் என்பார். ஆமாம் என்ற பிறகு எனக்குத் தெரிந்ததாக ஆகிவிடும். இழை இழையாகப் பிடுங்கினேன், ஒரு பிடி வந்தது. சட்டையைத் துவைத்தேன். நூலைக் கொண்டுபோய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். என் கை அதை முந்தானையில் முடிந்துகொண்டது. அவ்வளவுதான், எழுந்து சோற்றை இறக்கி வைத்தேன்.

மறுநாள் விடியலில் குழாயடியில் அம்மா சொன்னது என்னைக் கொன்றுபோட்டது. "உன் தம்பி முக்குக்குப் போயி, நான் தண்ணிக்கு வந்த நேரம் பாத்துப் பின்கதவு வழியா வந்துருக்கான். தாப்பாளுக்குக் கீழ ஓட்டை இருக்குதுல்ல, அதுல குச்சி வுட்டுத் தூக்கியிருக்கான். அது நம்ம வூட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும்." குடம் நிரம்பி வழிந்தது, நான் நகரவில்லை. "உன் தம்பி சத்தியம் பண்ணிட்டான்டி. அறுத்தவன் யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கு அவன் தலை முக்குல கிடக்குமாம்."

கல்யாணமான புதுசில் நானும் அவரும் சினிமா பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்கு நேரம் கழித்துப் போனால், யாரையும் எழுப்பாமல் அந்த ஓட்டையில் குச்சி விட்டு நான்தான் திறப்பேன். அவருக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

அப்போது என் மாமியார் வந்தார். குழாயடியில் குரல் தாழ்த்துகிற பழக்கமே இல்லாதவர். ரெண்டு தெருவுக்கும் இழை பிணைக்கிறதில் அவரை மிஞ்சின கை கிடையாது. பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கணும். ஆயிரக்கணக்கில் இருக்கும். அவர் பிணைத்தால் விரலால் தடவினால்தான் சேர்ந்த இடம் தெரியும். அந்த அம்மாள், பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடக்க, என் அம்மாவைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "சம்பந்தி, எத்தனை இழை போச்சு?"

அம்மா திகைத்துப் போனாள். "எல்லாமே. நாலாயிரத்துக்கு மேல."

"சாம்பல் சலிச்சு வையி. வரேன்."

வீட்டுக்கு வந்து தேங்காய் ஓட்டில் சாம்பலை நிரப்பினார். என் வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா போற? அங்க போனா பொணமாத்தான் வருவ."

"பொணமா வந்தா நீயே தூக்குடா. முன்தண்டுல யாரு, பின்தண்டுல யாருன்னு அப்ப பேசிக்கலாம்."

அவர் ஒதுங்கி நின்றார். மாமியார் என்னைப் பார்த்தார். "நீயும் வா. உன் விரலும் கொஞ்சம் நல்லா முறுக்கும்." வயிற்றோடு நான் வருகிறது அவருக்கு ஒரு கேடயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு கோபம் வந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது.

தெருவில் இறங்கினதும் எதிர் வீட்டிலிருந்து ஒருத்தி ஓட்டில் சாம்பலோடு இறங்கினாள். அப்புறம் இன்னொருத்தி. முக்குக்குப் போவதற்குள் ஏழு பேர் ஆகிவிட்டோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்கள் தெரு ஆம்பளைகள், "ஏய், எங்க போறீங்க?" என்று கத்தினார்கள், ஆனால் யாரும் கை வைக்கவில்லை. அம்மாவை, அக்காவை, பெண்டாட்டியை எப்படி நடுத்தெருவில் பிடித்து இழுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பெஞ்சுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம். அதில் கீழத்தெருக்காரன் ஒருத்தன் சுளுக்கியை நீட்டிக்கொண்டு நின்றான். சின்ன வயசில் என்னோடு பல்லாங்குழி ஆடினவன். அந்த முனை என் வயிற்றுக்கு நேராக இருந்தது.  எனக்கு மூத்திரம் வந்துவிடும் போல் இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் வந்தே விட்டது.

மாமியார் சாம்பல் இருந்த தேங்காய் ஓட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "நான் எவன் தலையையும் எடுக்க வரலப்பா. இழை எடுக்க வந்துருக்கேன். உன் தறிக்கும் மூணு தடவை நான்தான் பிணைச்சேன், உங்கம்மாவக் கேளு. வழி வுடு."

அவன் சுளுக்கியைச் சாய்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனான். அந்த ஒரு அடியில் நாங்கள் ஏழு பேரும் நுழைந்தோம்.

அம்மா வீட்டுக்குள் போனால் என் தம்பி தறிக்குப் பக்கத்தில் நிற்கிறான், கையில் அரிவாள். தாடி முளைத்து, கண் சிவந்து, என் தம்பி மாதிரியே இல்லை. "எதுக்குக்கா வந்த?" என்றான். "பிணைக்க" என்றேன். "பிணைங்க. நான் இங்கதான் நிப்பேன்." மாமியார் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் பிள்ளையின் கையை உடைத்தவன் முழம் தூரத்தில் நிற்கிறான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார்.

பாவைப் பார்த்ததும் வந்த பொம்பளைகள் எல்லாருமே வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். அரிவாள் ரெண்டு தடவை விழுந்திருந்தது, ஒன்று பாவு முழுக்க, இன்னொன்று கரையோரம் மட்டும். அறுந்த முனைகள் ரெண்டு பக்கமும் சுருண்டு கிடந்தன. கரையோரம் ரெண்டு வெட்டுக்கும் நடுவில் இருந்த துண்டு, தறியில் கால் வைக்கிற குழிக்குள் சிதறிக் கிடந்தது. என் அம்மா ஒரு பக்கம், என் மாமியார் எதிர்ப்பக்கம். நாலு பேர் உட்கார்ந்தால் தறியில் இடம் இல்லை, மற்றவர்கள் முறை மாற்றிக்கொண்டோம். கீழத்தெருப் பொம்பளைகளும் ஒவ்வொருத்தராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி மோர் கொண்டுவந்தாள். ஒருத்தி எங்கள் தெருக்காரியின் கைக்குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

 சாம்பல் தொடு, இழை எடு, முறுக்கு, விடு. அப்புறம் எங்கள் பக்கத்துக்காரி ஒருத்தி, "எங்க வூட்ல அரிசிப் பானையில வச்சிருக்கறான் அரிவாள. சோறு ஆக்கவே பயமா இருக்குது" என்றாள். கீழத்தெருக்காரி ஒருத்தி, "எங்க வூட்ல தலைகாணி கீழ" என்றாள். ஆளாளுக்கு எங்கே ஒளித்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆம்பளைகள் ஒருத்தருக்கொருத்தர் மறைத்து வைத்ததையெல்லாம் நாங்கள் மத்தியானத்துக்குள் பேசி முடித்துவிட்டோம். ஒரு தரம் சிரிப்புகூட வந்தது. சிரித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை. அரிவாளின் காம்பைக் கை மாற்றிக்கொண்டான். 

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது முக்கால் பாவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. கரையோரம் மட்டும் பாக்கி. அம்மா குழியில் பொறுக்கின துண்டு இழைகளைத் தொடையில் பரப்பி வைத்துச் சேர்த்துக்கொண்டே வந்தாள். வந்தவள் நின்றாள். "பத்தல. ஒரு பிடி காணோம்மா. எங்க போச்சு, குழியில இல்லியே" என்றாள்.

என் கை முந்தானைக்குப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அனுப்பவில்லை, அதுவே போனது. நூல் போதவில்லை என்று ஒருத்தி சொன்னால் இருக்கிற நூலை எடுத்துக் கொடுப்பதுதான் அந்தக் கைக்குத் தெரியும். முடிச்சை அவிழ்த்தேன். கத்திரிப்பூ நூலை அம்மாவின் தொடை மேல் வைத்தேன். "இந்தா" என்றேன், உப்பு எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

வைத்த பிறகுதான் பார்த்தேன். அம்மாவின் கை நின்றது. பக்கத்தில் இருந்த கைகள் எல்லாம் நின்றன. மாமியார் மட்டும் கையில் இருந்த இழையை முறுக்கி முடித்துவிட்டு நிறுத்தினார்.

"அக்கா." தம்பியின் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "அது உனக்கு ஏது?"

 பொய் சொல்லணும் என்று தெரிகிறது, ஒரு பொய்யும் வரவில்லை. அவன் அரிவாளைப் பார்க்கிறேன், அவன் கையைப் பார்க்கிறேன், என் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்தே அவனுக்குப் புரிந்திருக்கும்.

"எங்க வூட்லேர்ந்து வந்துது" என்றார் மாமியார். "எம் பெரிய புள்ள சட்டையில இருந்துது. துவைக்கிற கல்லு மேல கெடந்தப்பவே நான் பாத்துட்டேன். உங்கக்காவுக்கு முன்னாடி." எழுந்திருக்கவில்லை, குரலும் உயரவில்லை.  "நீ எம் சின்னவன் மணிக்கட்ட ஒடச்ச. எம் பெரியவன் உன் பாவ அறுத்தான். ரெண்டு பேரும் தேடிப் புடிச்சு நெய்யற எடத்துல அடிச்சீங்க. நல்லா இருங்கடா. அவன் தலை வேணும்னா போ, முக்குலதான் நிக்கறான். போறதுக்கு முன்னாடி ஒண்ணு, இந்த ஒரு கையகலம் பாக்கி இருக்குது. அது முடிஞ்சப்புறம் போ. பாதியில எழுந்து போயி எனக்குப் பழக்கம் இல்ல."

தம்பி போனான். அரிவாளோடு பின்பக்கம் போனான். கொல்லை வழியாகச் சுற்றினால் முக்குக்குப் பின்னால் போய்விடலாம். அம்மா, "டேய், டேய்" என்றாள்.  மாமியார் அவள் தொடை மேலிருந்த நூலில் ஒரு இழையை எடுத்து, சாம்பல் தொட்டு, முறுக்க ஆரம்பித்தார். நான் எழுந்தேன். எழ முடியாமல் எழுந்தேன். அப்போது பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டொக். டொக். டொக். ஏதோ ஒன்றை ஓங்கி ஓங்கி அடிக்கிற சத்தம். என் வீட்டுக்காரர் அந்த வழியாகவே வந்து சிக்கிவிட்டாரா என்று என் புத்தி போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

தம்பி பின்கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தாழ்ப்பாளுக்குக் கீழே இருந்த ஓட்டையில் ஒரு மரத்துண்டை வைத்து, அரிவாளின் முதுகால் அடித்து ஏற்றிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே அடித்தான். உள்ளே ஏறினது போதாது என்று இன்னொரு துண்டை வைத்து அடித்தான்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்கா" என்றான். "உள்ள இருக்கறவங்களும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா எங்க தெருவுல வுட மாட்டாங்க. ஆனா அந்த ஆளு இந்த வூட்டு வாசல மிதிக்கக் கூடாது. நீ வா. அவரு வரக் கூடாது."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் பிணைத்து முடித்தோம். உள்ளே இருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள், அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. ஊர் வம்பைக் குழாயடியில் அளக்கிற வாய்கள் அவை, அதை மட்டும் விழுங்கிவிட்டன. ரெண்டு நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்கப் போகிற குடங்களில் அரிவாள் வந்தது. தலைகாணிக்குக் கீழ் இருந்தது, அரிசிப் பானையில் இருந்தது, எல்லாம். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றில் ஒவ்வொன்றாக விழுகிற சத்தத்தை நான் எண்ணிக்கொண்டு நின்றேன், எவனாவது வந்துவிடுவானோ என்று முக்கைப் பார்த்தபடி. ஆம்பளைகள் குதித்தார்கள். குதித்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் எவ்வளவு நேரம் வண்டிக்குப் பின்னால் நிற்பது? அதற்கு நாலாம் நாள் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். ஒரு தறி ஓடியது, அப்புறம் ரெண்டு.

என் பயம் மட்டும் ஓடவில்லை. தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று சொன்னேனே. இன்றைக்குச் சொல்ல மாட்டேன் என்றவன் நாளைக்குக் குடித்துவிட்டுச் சொன்னால்? என் வீட்டுக்காரருக்கோ எங்களுக்குத் தெரியும் என்பதே தெரியாது. வளைகாப்புக்கு அவர் என் அம்மா வீட்டுக்கு வர எழுந்தபோது, "ஆம்பளைங்களுக்கு அங்க இன்னா வேலை?" என்று மாமியார் அதட்டி உட்கார வைத்தார். தலைப் பிரசவம் தாய் வீட்டில். பெண் பிறந்தது. அப்பன் முகம் பார்க்காமலே பிள்ளைக்கு மூன்று மாசம் ஓடிப்போயிற்று. தறியில் வேலை, வர முடியவில்லை என்று அவர் சொல்லி அனுப்புவார். குற்றமுள்ள நெஞ்சு, வற்புறுத்தவில்லை. வர வேண்டாம் என்று நானும் சொல்லாமல் இருந்தேன். தெருவில் அவர் குரல் மாதிரி ஏதாவது கேட்டால் போதும், பால் கொடுத்துக்கொண்டிருக்கிற நான் தம்பியின் கையைத்தான் பார்ப்பேன்.

மூன்றாம் மாசம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்தேன். அம்மா அதற்கு ஒரு குட்டிப் பாவாடை தைத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். கத்திரிப்பூ பாவாடை. பிணைத்த இடம் துணியில் வந்தால் அந்த அகலத்தை வெட்டி எடுத்துவிட்டுத்தான் சேலையைக் கொடுப்பார்கள். அந்த வெட்டின துண்டு. நான் யோசிக்கவே இல்லை, பிள்ளைக்கு அழகாக இருந்தது, போட்டுக்கொண்டு வந்தேன்.

அவர் பிள்ளையை வாங்கி மடியில் படுக்க வைத்துக்கொண்டார். முகத்தைத் தடவினார், காலைத் தடவினார். பாவாடையின் ஓரத்தை நெய்கிறவன் வழக்கப்படி ரெண்டு விரலுக்கு நடுவில் விட்டுப் பார்த்தார். விரல் போய்க்கொண்டே இருந்தது, ஒரு இடத்தில் நின்றது. திரும்பி வந்தது, மறுபடி அதே இடத்தில் நின்றது. சின்னச் சின்ன முடிச்சாக ஒரு வரி. கரையோரம் மட்டும் பக்கத்திலேயே ரெண்டு வரி.

"இந்தக் கரையோரத்துக்கு நூலு ஏது?" என்றார்.

"உங்க சட்டையில இருந்துது."

அவர் நிமிரவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"எனக்கு முன்னாடியே தெரியும்."

"உன் தம்பிக்கு?"

"அன்னிக்கே தெரியும்."

பாவாடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தெருவில் என் தம்பி எத்தனை தரம் அவருக்கு எதிரே வந்திருப்பான், எத்தனை தரம் ஒதுங்கிப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டிருப்பார். அப்புறம் எழுந்தார். சட்டை போடவில்லை, செருப்புப் போடவில்லை. தெருவில் இறங்கி முக்கைப் பார்த்து நடந்தார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். "வேணாங்க, வேணாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். குழாயைத் தாண்டினார், பிள்ளையாரைத் தாண்டினார், அம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே ஏறவில்லை. தம்பி தறியில் இருந்தான். அது இரட்டைக்கரைச் சேலை. அதற்கு ரெண்டு ஆள் வேணும், வலது பக்கக் கரைக்கு எதிரே ஒருத்தர் உட்கார்ந்து நாடா வாங்கித் தள்ளணும். அன்றைக்கு அம்மாதான் அங்கே உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிற்கிறது யார் என்று பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். தறி நின்றது.

 என் வீட்டுக்காரர் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அடிக்கிறவனுக்குக் கை நீட்டுகிற மாதிரி.

தம்பி அந்தக் கையைப் பார்த்தான்.  பிள்ளை அழுதது, அடக்கத் தோன்றவில்லை.

"பின்கதவ அடச்சாச்சு மாமா" என்றான். "முன்வாசல் தொறந்துதான் இருக்குது."

அவர் ஏறினார். அம்மா விட்ட இடத்தில் உட்கார்ந்தார். தம்பி இந்தப் பக்கத்திலிருந்து நாடாவைத் தள்ளினான், அவர் வாங்கித் திருப்பித் தள்ளினார்.  அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, தறிக்கு அடியில் அரிவாள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. ஆனாலும் அவர்கள் தறியை விட்டு எழுந்திருக்கிறவரைக்கும் நான் உட்காரவில்லை.